கடுகெண்ணெய் எந்தச் செடியின் எண்ணெய்?

இந்திய உணவுச் சட்டம் கடுகெண்ணெயை ஒரே வாக்கியத்தில் வரையறுத்து முடித்துவிடுகிறது. பிராசிகா பேரினத்தில் கம்பெஸ்ட்ரிஸ், ஜன்சியா, நேப்பஸ் ஆகிய மூன்று வகைகளின் சுத்தமான, பழுதில்லாத விதைகளைப் பிழிந்து எடுப்பது கடுகெண்ணெய். ரேப்சீட் எண்ணெய்க்கும் சட்டம் தருவது இதே தலைப்பு, இதே வரையறைதான். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணையத்தின் தரநிலையைப் புரட்டினால் அங்கே வேறு பட்டியல் இருக்கிறது: வெண்கடுகு என்னும் சினாபிஸ் ஆல்பா, பழுப்புக் கடுகு என்னும் பிராசிகா ஜன்சியா, கருங்கடுகு என்னும் பிராசிகா நைக்ரா. இரண்டு பட்டியலுக்கும் பொதுவானது ஜன்சியா மட்டுமே. இந்தியச் சட்டம் சேர்த்துக்கொண்ட மற்ற இரண்டும் கோடெக்ஸின் கணக்கில் ரேப்சீட். கோடெக்ஸ் சேர்த்துக்கொண்ட மற்ற இரண்டுக்கும் இந்தியச் சட்டத்தில் இடமில்லை. சட்டம் எழுதியவர்களின் கவனக்குறைவால் வந்த முரண் அன்று இது. வட இந்தியாவில் சமையலுக்கும் விளக்குக்கும் உடம்பில் தேய்ப்பதற்கும் பயன்பட்ட எண்ணெய் ஒருபோதும் ஒரே செடியிலிருந்து வந்ததில்லை. மண்ணையும் மழையையும் இரண்டு போகங்களுக்கு நடுவே கிடைத்த நாட்களையும் பார்த்து உழவர்கள் நான்கைந்து செடிகளை மாற்றி மாற்றிப் பயிரிட்டார்கள். அந்தப் பன்மையால் தீங்கு வந்ததாக வரலாறு காட்டவில்லை. எந்தச் செடியின் விதை செக்குக்குப் போனது என்ற அறிவு எங்கே அறுந்ததோ அங்கேதான் நோயும் ஏமாற்றும் வீண் சர்ச்சையும் நுழைந்தன. இந்த எண்ணெயின் வரலாறு எனக்குச் சொல்வது இதைத்தான்.

இந்தச் செடிகளின் உறவுமுறை தெளிவானது 1935-இல். கொரியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் டோக்கியோவில் பிறந்த ஊ ஜாங்-சூன், ஜப்பானில் நாகஹாரு ஊ என்ற பெயரில் எழுதியவர். அவர் அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரை, பிராசிகா பேரினத்தின் ஆறு செடிகளை ஒரு முக்கோணத்தில் பொருத்திக் காட்டியது. முக்கோணத்தின் மூன்று முனைகளில் மூன்று மூலச் செடிகள்: எட்டு இணைக் குரோமோசோம்கள் கொண்ட கருங்கடுகு, ஒன்பது இணை கொண்ட முட்டைக்கோஸ் குடும்பம், பத்து இணை கொண்ட பிராசிகா ராப்பா. சட்டம் கம்பெஸ்ட்ரிஸ் என்று சொல்வது இந்த ராப்பாவைத்தான்; வட இந்தியாவின் சர்சோனும் தோரியாவும் நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் டர்னிப் கிழங்கும் இந்த ஒரே இனத்தின் வடிவங்கள். முனைகளை இணைக்கும் பக்கங்களில் மூன்று கலப்புச் செடிகள் நிற்கின்றன. ராப்பாவும் கருங்கடுகும் கலந்து பதினெட்டு இணைகளோடு பிறந்தது ஜன்சியா, அதாவது ராயி. ராப்பாவும் முட்டைக்கோஸ் இனமும் கலந்தது நேப்பஸ். கருங்கடுகும் முட்டைக்கோஸ் இனமும் கலந்தது எத்தியோப்பியக் கடுகான காரினேட்டா. ஊ இதைக் கணக்காக மட்டும் விட்டுவிடவில்லை. ராப்பாவையும் முட்டைக்கோஸ் இனத்தையும் தம் கையாலேயே கலந்து நேப்பஸை மறுபடி உருவாக்கிக் காட்டினார்.

இந்த முக்கோணம் வரலாற்றுக்கும் ஒரு செய்தி சொல்கிறது. இன்று இந்தியாவின் கடுகு வயல்களில் பெரும்பங்கை நிறைத்திருக்கும் ராயி, இரண்டு வெவ்வேறு செடிகள் இயற்கையில் கூடியதால் வந்த பயிர். 2021-இல் வெளியான விரிவான மரபணு ஆய்வு அந்தக் கூடல் மேற்கு ஆசியாவில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்று கணிக்கிறது. அங்கிருந்து பரவிய ராயி ஒரே முகத்தோடு எல்லா இடத்துக்கும் போகவில்லை. சீனத்தில் அது கீரையாகவும் கிழங்காகவும் வளர்ந்தது. இந்தியாவில் எண்ணெய் விதையாக வளர்ந்தது. கிழக்கு ஐரோப்பாவில் எண்ணெய்க்கும் மேசைக் கடுகுக்குமாக இன்னொரு கிளையாகப் பிரிந்தது. இந்திய ராயிக்கும் கிழக்கு ஐரோப்பிய ராயிக்கும் காரம் தரும் வேதிப்பொருளிலேயே வேறுபாடு உண்டு. ஒரே இனத்துக்குள்ளேயே இத்தனை பிரிவு இருக்கும்போது, இனங்கள் பலவற்றை ஒன்றாகக் குவித்து ஒரே பெயரில் விற்பது எவ்வளவு பெரிய சுருக்கம் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

விதையாக உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் இவற்றைப் பிரித்தறிவது கடினம். வயலில் நிற்கும்போது அப்படியில்லை. ராப்பாவின் மேல் இலைகள் காம்பில்லாமல் அடிப்பாகத்தால் தண்டைத் தழுவிக்கொண்டு நிற்கும். ராயியின் மேல் இலைகள் சிறு காம்போடு தண்டிலிருந்து விலகியே இருக்கும். கருங்கடுகின் காய்கள் குட்டையாக, நான்கு விளிம்புகளோடு, தண்டோடு ஒட்டினாற்போல் நிமிர்ந்திருக்கும். முற்றியதும் வெடித்துச் சிதறிவிடும். மஞ்சள் சர்சோனின் சில வகைகளில் காயைப் பிரித்தால் வழக்கமான இரண்டு அறைகளுக்குப் பதில் மூன்றோ நான்கோ இருக்கும். இவற்றின் உறவுச் செடியான தாராமீராவின் பூ பளிச்சென்ற மஞ்சள் இல்லை. வெளிறிய இதழில் ஊதாவும் பழுப்புமாக நரம்புகள் ஓடும். உழவர் கண்ணுக்கு இவை வெவ்வேறு பயிர்கள். அறுத்து, அடித்து, தூற்றி மூட்டையில் கட்டிய பிறகுதான் இலையும் காயும் பூவும் மறைந்து எல்லாம் ஒரே சிறு உருண்டைகளாகிவிடுகின்றன. கடுகெண்ணெயின் சிக்கல் அந்த மூட்டையில்தான் தொடங்குகிறது.

பழைய சான்றுகளைப் படிக்கும்போதும் இதே தடை குறுக்கே நிற்கிறது. சிந்துவில் உள்ள சன்ஹுதரோ போன்ற ஹரப்பா நாகரிக இடங்களில் கடுகின வித்துகள் கிடைத்திருக்கின்றன. கரிந்துபோன வித்தில் நிறம் தெரியாது. தோலின் மேலுள்ள நுண்ணிய வலைப்பின்னலைக் கொண்டே இனத்தைச் சொல்ல வேண்டும். ஆகவே நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிந்துவெளி மக்கள் கடுகினச் செடிகளைப் பயன்படுத்தினார்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். அது ராயி என்றோ சர்சோன் என்றோ ஒவ்வோர் இடத்துக்கும் அடித்துச் சொல்வது அவசரம். எழுத்துச் சான்றுகள் தெளிவானவை. சாந்தோக்கிய உபநிடதம் மிகச் சிறியதற்கு அளவாகக் கடுகைச் சொல்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பருவத்தின் கடைசியில் விதைக்க வேண்டியவற்றை அடுக்கும்போது கோதுமை, வாற்கோதுமை, ஆளி ஆகியவற்றோடு கடுகையும் வைக்கிறது. வட இந்தியாவின் குளிர்காலப் போகத்தில் இன்றும் அதே கூட்டம்தான். மகனை இழந்த கிசா கோதமியைப் புத்தர் வீடுவீடாக அனுப்பிக் கேட்கச் சொன்னது வெண்கடுகு. சாவு நுழையாத வீடு இல்லை என்று அவள் உணர வேண்டுமானால், அந்த விதை இல்லாத வீடும் இருந்திருக்கக் கூடாது. வெள்ளை விதைக் கடுகு அன்று எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்குக் கதையின் அமைப்பே சான்று. இன்று ஐரோப்பாவில் வெண்கடுகு எனப்படும் சினாபிஸ் ஆல்பா வேறு செடி. இந்திய வெள்ளை விதை பெரும்பாலும் மஞ்சள் சர்சோனாகவே இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதுதான் இங்கே தொன்று தொட்டு விளைந்த மஞ்சள் விதைப் பயிர்.

தமிழகத்துக்கும் இந்த வரலாற்றில் ஓர் உண்மையான தொடர்பு உண்டு. ஆனால் அது விதையோடு, எண்ணெயோடு அன்று. சங்கப் பாடல்களில் வரும் ஐயவியை உரையாசிரியர்கள் வெண்சிறுகடுகு என்று விளக்குகிறார்கள். புறநானூற்றில் புண்பட்ட வீரனின் வீட்டில் வேம்பு செருகி, ஐயவியைப் புகைக்கிறார்கள்; நெடுநல்வாடையின் அரண்மனை வாயில் நிலையில் நெய்யோடு ஐயவியை அப்பியிருக்கிறார்கள். சுஸ்ருதர் பெயரில் வழங்கும் மருத்துவ நூலும் புண்பட்டவர் படுத்திருக்கும் அறையில் கடுகு, வேப்பிலை, நெய், உப்பு சேர்த்துப் புகையிடச் சொல்கிறது. தெற்கிலும் வடக்கிலும் ஒரே வழக்கம் நிலவியிருக்கிறது. ஆனால் தமிழ்ச் சமையலறை நல்லெண்ணெயைத் தேர்ந்துகொண்டு கடுகைத் தாளிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டது. காரணம் பருவநிலை. கடுகினப் பயிர்கள் பூப்பதற்கும் காய் நிறைவதற்கும் நீண்ட, குளிர்ந்த, வறண்ட பருவத்தைக் கேட்கின்றன. கங்கைச் சமவெளியில் அது இரண்டு மூன்று மாதங்களுக்குக் கிடைக்கிறது. அதே மாதங்களில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையும் அதன் பின் மிதமான வெயிலும்தான். எள்ளுக்கு ஏற்ற ஊர் இது. கடுகெண்ணெய்க்கு ஏற்ற ஊர் அன்று.

வடக்கில் எந்தச் செடி எங்கே விளைந்தது என்பதை முறையாகப் பிரித்து எழுதியவர்களில் முக்கியமானவர் டேவிட் பிரெய்ன். கல்கத்தாவை அடுத்த சிப்பூர் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய அவர் 1898-இல் வங்காளத்தில் பயிராகும் கடுகுகளைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டார். ராயி, சர்சோன், தோரி என்று உழவர்கள் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்த மூன்று வகைகளையே அவர் தாவரவியல் அடிப்படையிலும் உறுதி செய்தார். உழவர்களின் பகுப்பு வெறும் பெயர்ப் பழக்கமாக இருந்திருந்தால் அறிவியல் அதை ஏற்றிருக்காது. அந்தப் பகுப்புக்குப் பின்னால் உழவுக் கணக்கு இருந்தது. தோரியா என்னும் தோரி சுமார் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். மழைக்காலப் பயிரை அறுத்தபின் கோதுமையோ கோடை நெல்லோ போடும்வரை சும்மா கிடக்கும் நிலத்துக்கு அது பொருத்தம். அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் நெல்லை அடுத்து அது வந்தது இதனால்தான். பழுப்பு சர்சோன் கடுங்குளிரைத் தாங்கும். காஷ்மீரில் நெல் அறுத்தபின் இலையுதிர் காலத்தில் விதைத்தால் பனிக்கடியில் கிடந்து வசந்தத்தில் பள்ளத்தாக்கை மஞ்சளாக்கும். ராயி நான்கைந்து மாதம் எடுத்துக்கொள்ளும். ஆனால் வறட்சியையும் வெப்பத்தையும் தாங்கி அதிகம் விளையும். இவை எதுவுமே நிலைக்காத ராஜஸ்தானின் மணல் நிலத்தில், மண்ணில் மிஞ்சிய ஈரத்தை ஆழமான வேரால் உறிஞ்சி வளர்வது தாராமீரா. இது பிராசிகாவே அன்று. எருகா என்னும் உறவினம். மேலைநாடுகளில் இதன் இலையைப் பச்சையாகத் தின்கிறார்கள். இங்கே விதையைப் பிழிந்தார்கள்.

விதைக்கும் எண்ணெய்க்கும் நடுவே நின்றவர் செக்குக்காரர். வடக்கே தேலி என்றும் வங்காளத்தில் கோலு என்றும் அறியப்பட்ட இந்தச் சமூகங்களின் கைத்திறன் எப்படிப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ளக் கடுகின் காரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். முழுதாக இருக்கும் காய்ந்த விதையில் காரம் கிடையாது. காரத்துக்கு மூலமான குளுகோசினோலேட் ஒரு பகுதியிலும் அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதி வேறொரு பகுதியிலும் தனித்தனியே இருக்கின்றன. விதை நசுங்கி, நீரும் சேரும்போதுதான் இரண்டும் சந்தித்து மூக்கில் ஏறும் ஐசோதயோசயனேட் பிறக்கிறது. இதனால்தான் செக்கில் கடுகு ஆட்டும்போது விதையின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் குறைந்தால் எண்ணெயில் காரம் இருக்காது. கூடினால் புண்ணாக்கு குழைந்து எண்ணெய் பிரியாது. சூடும் ஏறக்கூடாது, ஏனென்றால் வெப்பம் நொதியைக் கொன்றுவிடும், பிறந்த காரமும் ஆவியாகிப் போகும். மெதுவாகச் சுழலும் மரச்செக்கில் வரும் எண்ணெய்க்கு வட இந்தியாவில் தனி மதிப்பு இருப்பதன் காரணம் இந்த வேதியியலே. கச்சி கானி எனப்படும் இந்த எண்ணெயில் இயற்கையான காரப்பொருள் 0.10 முதல் 0.60 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்று இன்றைய தரவிதி சொல்கிறது. விதையைத் தொட்டு, நசுக்கி, முகர்ந்து பார்த்து ஆட்டிய செக்குக்காரர் ஒரு மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வாய்ப்பு இருந்தது. ஊர் ஊராக வாங்கிய விதையைக் குவித்துச் சூட்டோடு பிழியும் ஆலையில் அந்த வாய்ப்பு மறைந்தது.

அது மறைந்ததன் விலையைக் கல்கத்தா கொடுத்தது. 1877-இல் அந்நகரத்தில் ஒரு விசித்திர நோய் பதிவாயிற்று. கால்கள் வீங்கின, மூச்சு வாங்கியது, இதயம் தளர்ந்து பலர் இறந்தார்கள், சிலருக்குக் கண்ணில் நீரழுத்தம் ஏறியது. ஒரே வீட்டில் ஒரே உலையில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் சேர்ந்து விழுந்தார்கள். எபிடெமிக் டிராப்சி என்று பெயரிடப்பட்ட இந்த வீக்க நோயைச் சிலர் பெரிபெரியோடு குழப்பினார்கள். சிலர் கெட்டுப்போன அரிசியைக் குற்றம் சொன்னார்கள். வங்காளச் சாப்பாட்டில் அரிசியும் கடுகெண்ணெயும் பிரியாமல் வருவதால் குற்றவாளியைப் பிரித்தெடுப்பது எளிதாக இருக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்து, 1937-இல் லால், ராய் என்னும் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வுகள்தாம் சந்தேகத்தை ஓரிடத்தில் நிறுத்தின. நோய்க்குக் காரணம் கடுகெண்ணெயில் கலந்த ஆர்ஜிமோன் மெக்சிகானாவின் எண்ணெய். அதிலுள்ள சாங்குயினரின் என்ற நச்சு, நுண்குழாய்களைத் தளரவைத்து நீரைக் கசியவிடுகிறது.

ஆர்ஜிமோன் தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் பிரமதண்டு என்ற பெயரில் நாம் பார்க்கும் முட்செடிதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இந்தியா முழுதும் பரவிய களை. கடுகுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அது கசகசாவின் குடும்பம். ஆனால் அதன் விதை கருத்து, உருண்டு, கடுகின் அளவில் இருக்கிறது. கடுகு அறுவடையாகும் பருவத்தை ஒட்டியே முற்றுகிறது. கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்செனத் தெரியும்: கடுகின் தோல் ஏறக்குறைய வழவழப்பு, பிரமதண்டின் தோலில் வரிசை வரிசையாகக் குழிகள். பிழிந்த பிறகு கண்ணால் பிரிக்க முடியாது. எண்ணெயோடு அடர் நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்துக் குலுக்கினால் செம்மஞ்சள் நிறம் ஏறும் என்ற எளிய சோதனை பல ஆண்டுகளாகவே தெரிந்ததுதான். அப்படியிருந்தும் 1998 ஆகஸ்டில் டெல்லியில் அதே நோய் மீண்டும் வெடித்தது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். கடுகெண்ணெய் விற்பனை சில காலம் தடை செய்யப்பட்டது.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும். பல விதைகளைக் கலந்து பிழிவதை ஏற்றுக்கொண்ட பழக்கம்தானே நச்சு விதைக்கும் கதவைத் திறந்துவிட்டது? ஒரே செடி, ஒரே விதை என்று முதலிலேயே கறாராக இருந்திருந்தால் பிரமதண்டு உள்ளே வந்திருக்குமா? இந்த வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. நிறத்திலும் அளவிலும் மாறுபட்ட விதைகள் கலந்த குவியலில் அந்நிய விதை மறைந்துகொள்வது எளிது. ஆனால் பிரமதண்டு விதை ஒத்திருப்பது கருத்த கடுகைத்தான். தூய ராயிக் குவியலிலும் அது அதே எளிமையோடு மறையும். மஞ்சள் சர்சோன் குவியலில் ஒரு கறுப்பு விதை விழுந்தால் குழந்தைகூடப் பொறுக்கி எடுத்துவிடும். செடிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதால் இந்த ஆபத்து தீராது. விதையை ஆட்டுமுன் பார்ப்பதற்கு ஒருவர் இருக்க வேண்டும். பார்க்கும் கடமை அவருக்கு இருக்க வேண்டும். 1998-க்குப் பின் வந்த தீர்வு, சில்லறையாக எண்ணெய் ஊற்றித் தருவதை நிறுத்தி முத்திரையிட்ட பாக்கெட்டைக் கட்டாயமாக்கும் திசையில் போயிற்று. கலப்படக்காரர்களைத் தடுக்க அது உதவியிருக்கும். கூடவே, வாடிக்கையாளர் கண்முன் ஆட்டிக் கொடுத்த சிறு செக்குகளையும் அது நெருக்கியது. விதையைப் பார்க்கும் கண் ஒன்று இன்னும் குறைந்தது.

அறிவு அறுந்ததால் வந்த இன்னொரு சர்ச்சை, இந்த எண்ணெய்களில் உள்ள எருசிக் அமிலம் என்னும் கொழுப்பமிலத்தைப் பற்றியது. இரண்டாம் உலகப்போரின்போது கனடா, கப்பல்களின் நீராவி எந்திரங்களுக்கு மசகெண்ணெய் எடுக்க ரேப்சீடைப் பெருமளவில் விளைவித்தது. ஈரமான உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும் அந்த எண்ணெயின் குணம் அதற்குக் காரணம். போர் முடிந்ததும் அதைச் சமையல் எண்ணெயாக்கப் பார்த்தார்கள். எருசிக் அமிலம் மிகுந்த எண்ணெயைத் தின்ற எலிகளின் இதயத்தில் கொழுப்பு படிந்ததை ஆய்வுகள் காட்டியபின், அதைக் குறைத்த வகைகளைத் தேடினார்கள். எருசிக் அமிலமும் குளுகோசினோலேட்டும் இரண்டுமே குறைந்த டவர் என்ற நேப்பஸ் வகையை 1974-இல் பால்டர் ஸ்டெஃபான்சன் தந்தார். அதுவே கனோலாவின் தொடக்கம். இது ஒரு செடியில் நிகழ்ந்த அருமையான சாதனை. ஆனால் எருசிக் அச்சத்தால் அமெரிக்காவில் இன்றும் மரபான கடுகெண்ணெய்ப் புட்டியில் வெளிப்பூச்சுக்கு மட்டும் என்று எழுதியே விற்க வேண்டியிருக்கிறது. இந்தியாவின் மரபான ராயி எண்ணெயில் எருசிக் அமிலம் நாற்பது, ஐம்பது சதவீத அளவில் இருப்பது உண்மை. எலியின் உடல் இந்த அமிலத்தை எரிப்பதில் மனித உடலைவிடப் பின்தங்கியது என்பதும், கடுகெண்ணெயையே தலைமுறைகளாக உண்ட மக்களிடம் இதனால் இதயநோய் வந்தது என்று உறுதிப்படவில்லை என்பதும் அதே அளவு உண்மை. எச்சரிக்கையை நான் புறந்தள்ளவில்லை. எருசிக் குறைந்த ராயி வகைகளை இந்திய விஞ்ஞானிகளும் உருவாக்கியிருக்கிறார்கள், அவை வரவேற்கத்தக்கவை. ஆனால் எந்தச் செடி, எந்த வகை, எவ்வளவு எருசிக் என்று புட்டி சொல்லாதவரை, அஞ்சுபவருக்கும் விரும்புபவருக்கும் தாம் வாங்குவது எது என்று தெரியப்போவதில்லை.

பன்மைக்கு எதிரான கனமான வாதம் விளைச்சலிலிருந்து வருகிறது. 1986-இல் எண்ணெய் வித்துகளுக்கான தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியபோது இந்தியா சமையல் எண்ணெய்க்கு வெளிநாட்டை நம்பியிருந்தது. வருணா போன்ற ராயி வகைகளும் பாசனமும் ஆதரவு விலையும் சேர்ந்து விளைச்சலை உயர்த்தின. ராஜஸ்தானின் பரத்பூரில் கடுகுக்கெனவே தேசிய ஆய்வு மையம் 1993-இல் அமைந்தது. 2023-24-இல் நாட்டின் ரேப்சீட்-கடுகு விளைச்சல் சுமார் 1.3 கோடி டன்னை எட்டியது. அதில் ராஜஸ்தானின் பங்கு பாதியை நெருங்குகிறது. இந்த வெற்றியில் பெரும்பங்கு ராயியுடையது. பழுப்பு சர்சோன் பாசன நிலங்களிலிருந்து ஏறக்குறைய வெளியேறிவிட்டது. பசித்த நாட்டுக்கு ராயி எண்ணெய் தந்திருக்கிறது. மற்றச் செடிகளை ஏன் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு உணர்ச்சியால் பதில் சொல்லக்கூடாது.

பதில் நிலத்தில் இருக்கிறது. ராயிக்கு ஏற்ற மேற்கு மாநிலங்களில் அது எட்டக்கூடிய பரப்பைப் பெரும்பாலும் எட்டிவிட்டது. இன்னும் பாதிக்கு மேல் சமையல் எண்ணெயை இந்தியா இறக்குமதி செய்கிறது. புதிய நிலம் எங்கே என்று தேடும்போது எல்லாத் திட்டங்களும் நெல் அறுத்தபின் சும்மா கிடக்கும் கிழக்கிந்திய வயல்களையே காட்டுகின்றன. 2024-இல் ஒப்புதல் பெற்ற எண்ணெய் வித்துகளுக்கான தேசிய இயக்கமும் நெல்லும் உருளைக்கிழங்கும் விளைந்த தரிசுகளைக் குறிவைக்கிறது. அந்த வயல்களில் இரண்டு நெல்லுக்கு நடுவே கிடைப்பது எண்பது, தொண்ணூறு நாள். நான்கைந்து மாதம் கேட்கும் ராயி அங்கே பெரும்பாலும் பொருந்தாது. பிரெய்ன் விவரித்த தோரியின் குடும்பம் பொருந்தும். வங்கதேசத்தில் தோரி-7 என்ற ராப்பா வகை மழைக்கால ஆமன் நெல்லுக்கும் கோடை போரோ நெல்லுக்கும் நடுவே பல்லாண்டுகள் விளைந்தது. அதன் இடத்தை நிரப்ப அந்நாட்டு விஞ்ஞானிகள் உருவாக்கிய பாரி சரிஷா-14 என்பதும் எண்பது நாளில் முடியும் ராப்பாவே. ஆகவே பழைய செடிகளைக் காப்பது பழமை மீதான பற்றினால் மட்டும் சொல்லப்படும் கருத்தன்று. இறக்குமதிச் செலவைக் குறைக்க நினைக்கும் எவருக்கும் அது தேவை. ராயியின் முன்னேற்றம்கூடப் பன்மையையே சார்ந்திருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பெண்டல் குழு உருவாக்கிய மரபணு மாற்றக் கடுகு டிஎம்எச்-11, இந்திய வருணாவையும் கிழக்கு ஐரோப்பிய மரபுள்ள ஒரு வகையையும் கலந்து பெற்ற வீரிய ஒட்டு. அதை அனுமதிக்கலாமா என்பதில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற அமர்வின் இரு நீதிபதிகளே மாறுபட்ட தீர்ப்பு தந்தார்கள். அந்த விவாதம் தனியானது. ஆனால் அதிக விளைச்சல் தேடிப் போனவர்கள் அதைக் கண்டது தூரத்துக் கிளைகளின் சேர்க்கையில் என்பதை மறுக்க முடியாது.

சட்டம் ஓரளவு நகர்ந்திருக்கிறது. கடுகெண்ணெயோடு வேறு சமையல் எண்ணெய்களைக் கலந்து விற்பது 2021 ஜூன் 8 முதல் நாடு முழுதும் தடை செய்யப்பட்டுள்ளது. தவிட்டெண்ணெயும் பாமாயிலும் கடுகெண்ணெய்ப் பெயரில் ஒளிந்துகொள்வதை அது தடுக்கிறது. அடுத்த படி, கடுகெண்ணெய்க்கு உள்ளேயே இருக்கும் செடிகளை வெளிப்படுத்துவது. ராயியா, மஞ்சள் சர்சோனா, தோரியாவா, நேப்பஸா என்பதையும் எருசிக் அமில அளவையும் புட்டியில் அச்சிடச் சொல்வது கடினமான விதியன்று. கொழுப்பமிலச் சோதனை ஏற்கெனவே ஆய்வகங்களில் நடப்பதுதான். இதனால் வாங்குபவர்கள் குழம்புவார்கள் என்பது இறுதியாக வரும் மறுப்பு. அரிசியில் பொன்னி, சீரகச் சம்பா, பாஸ்மதி என்று பிரித்து, விலை பேசி வாங்கும் மக்கள் எண்ணெயில் மட்டும் குழம்பிவிடுவார்கள் என்று நினைக்க ஆதாரம் இல்லை. பெயர் தெரிந்தால் மஞ்சள் சர்சோன் எண்ணெய்க்குத் தனி விலை கிடைக்கும். விலை கிடைத்தால் வங்காளத்து உழவர் அதை விடாமல் விதைப்பார். விதைத்தால் அந்த மரபுவளம் வயலிலேயே உயிரோடு இருக்கும். விதைக்குவியலைப் பார்த்து வாங்கும் கட்டாயம் ஆலைக்கும் வரும். நாலாயிரம் ஆண்டுகளாக உழவர்கள் பிரித்தறிந்து காத்த செடிகளை ஒரே பெயரில் கரைத்துவிட்டது கடந்த நூற்றைம்பது ஆண்டு வணிகம். அதைத் திருத்த நமக்குத் தேவையான அறிவு முழுதும் கையில் இருக்கிறது. புட்டியின் மேல் அதை எழுதச் சொல்லும் விதி ஒன்றுதான் பாக்கி.